பத்தாயமும் வெள்ளிக்கிழமைக் கணக்கும்

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த அக்கா மகன், என் குடோனில் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு செல்போனைக் காட்டினான். திரையில் பச்சையும் சிவப்புமாய்க் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. "மாமா, நீங்களும் டிரேடர், நானும் டிரேடர்" என்றான். சென்னையில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆப்ஷன் வாங்கி விற்கிறான். "நெல் யாவாரத்துக்கு தியரியெல்லாம் எதுக்கு மாமா? வாங்குறது, விக்கிறது, அவ்வளவுதானே" என்று கேட்டான்.

அவனுக்கு அன்று சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டாரத்தில் முப்பது வருஷமாக நெல் வாங்கி விற்கிறேன். கல்லூரியில் படித்தது வணிகவியல். பொருளாதாரப் புத்தகங்களை உட்கார்ந்து படித்ததெல்லாம் நஷ்டப்பட்ட வருஷங்களில். அதில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: எங்கள் தொழில் மேல் இருக்கிற ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஒரு விலைக் கதை இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தவனுக்கு, அடுத்த உத்தரவு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது கொஞ்சம் முன்கூட்டியே பிடிபடும்.

மறுநாள் காலையில் அவனைத் திருப்பாலைத்துறைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அங்கே நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. அடியில் வட்டமாகப் பரந்து, மேலே போகப்போகக் கூம்பி முடியும். 3,000 கலம் நெல் பிடிக்கும். இரண்டு கலம் ஒரு மூட்டை என்ற எங்கள் பக்கத்துக் கணக்கில் 1,500 மூட்டை. பதினேழாம் நூற்றாண்டில் இதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்த விஷயம்தான் நெல் வியாபாரத்தின் முதல் பாடம். சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் வந்து குவிந்துவிடும். சோறு பன்னிரண்டு மாதமும் வேண்டும். தை மாதத்து நெல்லை ஐப்பசி வரைக்கும் யாராவது சுமந்தாக வேண்டும்.

சுமப்பதற்குச் செலவு உண்டு. குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அறுபது கிலோ மூட்டை 1,500 ரூபாய். கடன் வட்டி மாதத்துக்கு ஒரு சதவீதம் என்றால் எட்டு மாதத்துக்கு 120 ரூபாய். காய்ந்து சுருங்கியும் எலி தின்றும் இரண்டு கிலோ போனால் 50 ரூபாய். குடோன் வாடகை மூட்டைக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் 40. ஆக 210 ரூபாய். ஐப்பசியில் 1,710க்குக் கீழே விற்றால் சுமந்தவனுக்குக் கைநஷ்டம். 2,000 ரூபாய்க்கு விற்கும் என்று எல்லோரும் நினைத்தால் ஊரில் உள்ளவர்களெல்லாம் தை மாதமே வாங்கி அடுக்குவார்கள். அதனால் தை விலை கொஞ்சம் ஏறும். அடுக்கியது ஐப்பசியில் வெளியே வரும்போது அப்போதைய விலை இறங்கும். இரண்டு விலைக்கும் நடுவே சுமைகூலி அளவுக்கு மட்டும் வித்தியாசம் நிற்கும். பொருளாதாரத்தில் இதை இருப்புக் கோட்பாடு என்கிறார்கள். ஆடம் ஸ்மித் 1776இல் தானிய வியாபாரியைக் கப்பல் தலைவனோடு ஒப்பிட்டார். சாப்பாட்டுக் கையிருப்பு குறைவாக இருப்பது தெரிந்தால் தலைவன் முதல் நாளிலிருந்தே அளவைக் குறைத்துப் போடுவான். விலையை ஏற்றும் வியாபாரியும், தன் லாபத்துக்காகத்தான் என்றாலும், ஊரைச் சிக்கனமாகச் சாப்பிட வைத்துக் கடைசி மாதப் பட்டினியிலிருந்து காப்பாற்றுகிறான் என்பது அவர் வாதம்.

இதை மட்டும் படித்தால் நாங்கள் எல்லோரும் தர்மவான்கள். மறுபக்கத்தையும் படிக்க வேண்டும்.

கிரிகோரி கிங் என்ற ஆங்கிலேயரின் பெயரில் ஒரு கணக்கு உண்டு. 1699இல் சார்லஸ் டேவனன்ட் அதை அச்சில் கொண்டுவந்தார். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதி குறைந்தால் விலை ஐந்தரை மடங்காகும் என்கிறது அது. ஏன் அப்படி? கூலி வேலைக்குப் போகிற குடும்பம் துணியைத் தள்ளிப்போடும், மருந்தைக்கூடத் தள்ளிப்போடும், உலையில் போடும் அரிசியைக் கடைசியாகத்தான் குறைக்கும். விலை ஏறினாலும் வாங்கும் அளவு அவ்வளவாகக் குறையாது. தேவையின் நெகிழ்ச்சி குறைவு என்று இதைச் சொல்வார்கள்.

அக்கா மகனிடம் கணக்காகவே சொன்னேன். பத்து மூட்டை, மூட்டை பத்து ரூபாய் என்றால் மொத்தம் நூறு ரூபாய். ஒரு மூட்டையை மறைத்து வைத்துவிட்டு ஒன்பதை விற்றால் விலை பதின்மூன்று. ஒன்பது பதின்மூன்று நூற்றுப் பதினேழு. குறைவாக விற்று, பதினேழு ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். மறைத்த மூட்டையும் கையில் இருக்கிறது. ஒரே ஒரு வியாபாரி இதைச் செய்ய முடியாது, பக்கத்துக் கடைக்காரன் விற்றுவிடுவான். ஊரில் நான்கு பேர் மட்டும் இருந்து, நான்கு பேரும் பேசி வைத்துக்கொண்டால் முடியும். பதுக்கல் என்பது அந்தப் பதினேழு ரூபாயின் பெயர். ஐப்பசிக்காகச் சுமப்பவனும் விலைக்காக மறைப்பவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருப்பார்கள். இருவர் குடோனிலும் மூட்டைதான் இருக்கும். எங்கள் தொழிலின் எல்லாச் சட்டச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1943 வங்காளப் பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் பார்த்த அமர்த்தியா சென், 1981இல் எழுதிய நூலில், அந்த வருஷம் அரிசி அடியோடு இல்லாமல் போய்விடவில்லை, கூலிக்காரர்களால் அந்த விலைக்கு வாங்க முடியாமல் போனதுதான் சாவுக்குக் காரணம் என்று காட்டினார். போர்க்காலப் பஞ்சமும் பங்கீடும் பார்த்த தலைமுறைதான் சுதந்திர இந்தியாவில் சட்டம் எழுதியது. சென்னை மாநிலத்தில் ராஜாஜி முதலமைச்சரானதும் 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ஆனால் மூன்றே வருஷத்தில், 1955இல், அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் வந்தது. எவ்வளவு இருப்பு வைக்கலாம், எங்கே கொண்டு போகலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று உத்தரவு போட அரசுக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. மீறினால் மூன்று மாதத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. 2020இல் வந்த திருத்தம் இருப்பு வரம்பை வெகுவாகத் தளர்த்தியது. விவசாயிகள் போராட்டத்துக்குப் பிறகு மற்ற இரண்டு வேளாண் சட்டங்களோடு 2021இல் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. இன்றைக்கும் எங்கள் தலைக்கு மேல் இருப்பது 1955ஆம் வருஷத்துச் சட்டம்தான்.

நெல் கொண்டு போகப் பர்மிட் கேட்ட காலத்தை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில்தான், 1965 ஜனவரி 14, பொங்கல் நாளில், இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறந்தது நம் தஞ்சாவூரில். இரண்டு வருஷம் கழித்து, 1967 தேர்தலில், ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியை மாற்ற உதவியது. அரிசி விலைக்கு இந்த மாநிலத்தில் எவ்வளவு பலம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்று டெல்டாவில் நெல்லுக்குப் பெரிய வியாபாரி அரசுதான். 1972இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகம், நேரடி கொள்முதல் நிலையங்களில் நாற்பது கிலோ சிப்பமாக வாங்குகிறது. 2025–26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369, சன்ன ரகம் 2,389. மாநில ஊக்கத்தொகை சேர்ந்து முறையே 2,500, 2,545. நான் களத்தில் சொல்லும் விலை இந்த எண்ணைப் பார்த்துத்தான் அமைகிறது. நிலையம் திறந்து, சாக்கு இருந்து, வரிசை நகர்ந்தால் என்னால் அதற்கு வெகு கீழே கேட்க முடியாது. மழை வந்து, மூட்டை வெட்டவெளியில் நாள்கணக்கில் கிடந்தால், ஆதார விலை காகிதத்தில்தான் இருக்கும். விவசாயி என்னைத் தேடி வருவார், விலை இறங்கும். தரை விலை என்பது அறிவிப்பால் மட்டும் நிற்காது, வாங்கும் ஆளால் நிற்கிறது.

இப்போது என் நஷ்டக் கதைக்கு வருகிறேன்.

2023. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தது, ஆனால் கர்நாடகத்திலிருந்து தண்ணீர் போதிய அளவு வரவில்லை. குறுவை வாடியது. நாட்டின் பல பகுதிகளில் மழை ஏறுக்குமாறு. ஜூலை 20ஆம் தேதி மத்திய அரசு, பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மறுநாளே அமெரிக்காவில் நம்மவர்கள் அரிசி மூட்டைக்கு வரிசையில் நின்ற படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. எனக்கு ஒரு கவலையும் இல்லை. என் வியாபாரம் புழுங்கல். தடையில் புழுங்கல் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவர் புழுங்கல் கேட்டு நல்ல விலை சொன்னார். நெல்லை வாங்கி மில்லில் அரைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன், கடன் வாங்கி நெல் எடுத்தேன்.

ஆகஸ்ட் 25ஆம் தேதி புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. வாங்குவதாகச் சொன்னவர் பழைய விலைக்கு எடுக்க முடியாது என்றார். அரைத்த அரிசி மில்லிலேயே தங்கியது. உள்ளூரில் கிடைத்த விலைக்குத் தள்ளி, வட்டியும் கட்டி, அந்தக் கடனை அடைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

கோபம் தணிந்தபின் யோசித்துப் பார்த்தேன். அந்த முப்பத்தாறு நாளில் நடந்தது பாடப்புத்தகத்தில் உள்ள மாற்றுப்பொருள் விளைவு. பச்சரிசி கிடைக்காத நாடு புழுங்கல் கேட்கும். புழுங்கல் விலை ஏறும். உள்நாட்டில் அரிசி விலையை இறக்கத்தான் தடையே போட்டார்கள். ஒரு கதவை மூடியதும் கூட்டம் அடுத்த கதவுக்குப் போனால், அதையும் சாத்தாமல் விடுவார்களா? 2022 செப்டம்பரில் நொய்க்குத் தடை போட்டபோது அதே நாளில் பச்சரிசிக்கு 20 சதவீத வரி போட்டார்கள். பாதை கண்முன்னாலேயே இருந்தது. எனக்கு நல்ல விலை சொன்னதே, அடுத்த உத்தரவு வரப்போகிறது என்பதற்கான அறிகுறி. அன்றைக்கு நான் அதை லாபமாக மட்டும் பார்த்தேன். 2023இல் போட்ட தடையும் வரியும் 2024 செப்டம்பர், அக்டோபரில் படிப்படியாக விலகின. அரசைக் குறை சொல்ல என்னிடம் காரணம் இருக்கிறது. இரவோடு இரவாக வரும் உத்தரவில் அடிபடுவது பெரும்பாலும் சின்ன வியாபாரிதான். ஆனால் ரேஷன் வரிசையில் நிற்கும் வீட்டுக்கு அரிசி விலை இறங்க வேண்டியிருந்ததும் உண்மை.

2024 பிப்ரவரியில் இன்னொரு உத்தரவு வந்தது. அரிசி, நெல் வைத்திருக்கும் வியாபாரிகளும் ஆலைகளும் வெள்ளிக்கிழமைதோறும் இருப்பை இணையத்தில் பதிய வேண்டும் என்றார்கள். எங்கள் சங்கத்தில் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. சுமப்பவனையும் மறைப்பவனையும் பிரித்துக் காட்ட வேறு என்ன வழி? கணக்குச் சொன்னவன் சுமக்கிறான், சொல்லாதவன் மறைக்கிறான். இருப்பு வரம்பு போட்டு எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டுவதைவிட இது நல்ல சட்டம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

வரிச் சட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஆடிட்டர் சொல்வார். இரண்டை மட்டும் வியாபாரத் தம்பிகள் மறக்க வேண்டாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, பொட்டலமிட்டு முத்திரை ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்குப் பிறகுதான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. மாதச் சம்பளக்காரர் 26 கிலோவாக வாங்கி வரியைத் தவிர்க்கிறார். அன்றாடக் கூலிக்காரர் ஐந்து கிலோ பையாக வாங்கினால் வரியோடு வாங்குகிறார். வரியை எந்தப் பொருள் மேல் போடுவது என்பது சட்டம். அது யார் தலையில் இறங்குகிறது என்பது வேறு கணக்கு. இன்னொன்று: பதிவு பெற்ற குறு, சிறு ஆலையிடம் அரிசி வாங்கினால் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கொடுத்து முடிக்கிற வருஷம் வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது. மூன்று மாதம் நான்கு மாதம் கடன் சொல்லும் எங்கள் பழைய வழக்கத்தை இது உடைத்திருக்கிறது.

அக்கா மகனின் கோடுகளுக்கும் நெல்லுக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. அறுவடைக்கு முன்னாலேயே விலையை உறுதி செய்துகொள்ளத்தான் முன்பேரச் சந்தையே பிறந்தது. அதற்கு 1952இலேயே நம் நாட்டில் சட்டம் வந்தது. 2015இல் அந்தச் சந்தையைக் கண்காணித்த ஆணையம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியோடு இணைந்தது. பாசுமதி அல்லாத நெல், கோதுமை உட்பட ஏழு பொருட்களின் முன்பேர வணிகத்தை 2021 டிசம்பரில் செபி நிறுத்திவைத்து, பிறகு பலமுறை நீட்டித்தது. ஆகவே என் நெல்லுக்கு நான் அங்கே காப்பு எடுக்க முடியாமல் போனது. அவன் வாங்குவது பங்குக் குறியீட்டு ஆப்ஷன். அதைப் பற்றியும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021–22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒருவர் வெல்வது இன்னொருவர் தோற்பதுதான், போதாததற்குத் தரகும் கட்டணமும் வேறு. "தம்பி, நான் தையிலிருந்து ஐப்பசிக்கு நெல்லைச் சுமக்கிறேன், அதுக்குக் கூலி கிடைக்குது. நீ எதைச் சுமக்கிறே?" என்று கேட்டேன். அவன் பேசாமல் போனைப் பையில் வைத்தான். அவன் மேல் தப்பில்லை; அந்த 93 சதவீதக் கணக்கை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

எனக்கு நெஞ்சில் தைத்த கோட்பாட்டைக் கடைசியாக வைத்திருந்தேன்.

முன்பெல்லாம் நெல்லின் ஈரத்தைப் பார்க்க மீட்டர் கிடையாது. ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, உமி ஊதி, ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்போம். காய்ந்திருந்தால் டக்கென்று இரண்டாக உடையும். ஈரமாக இருந்தால் நசுங்கிப் பல்லில் ஒட்டும். எங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆனாலும் எதைக் கடித்தாலும் "கொஞ்சம் ஈரந்தான்" என்று சொல்லிப் பழகியிருந்தோம். திருவையாறு பக்கத்துப் பெரியவர் ஒருவர் ரோட்டில் மூன்று நாள் காயவைத்து, இரவில் தார்ப்பாய் மூடிக் காவல் படுத்து, மணி மணியாய்க் கொண்டு வருவார். பக்கத்து வயல்காரர் இயந்திரம் அறுத்த சூட்டோடு கொட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே விலை போட்டேன். அடுத்த வருஷம் பெரியவரும் ஈர நெல்லையே கொண்டு வந்தார். "ஏன் தம்பி, நீ எப்படியும் ஈரம்னுதான் சொல்லப் போறே. நான் எதுக்கு ரோட்டுல படுக்கணும்?" என்றார். இப்படியே எங்கள் வட்டாரத்தில் காயவைப்பதே குறைந்தது. எல்லா நெல்லும் ஈரம், ஆகவே எல்லா விலையும் குறைவு.

1970இல் ஜார்ஜ் அகர்லோஃப் எழுதிய கட்டுரையைப் படித்தபோது அந்தப் பெரியவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பொருளின் தரம் ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்தால், நல்ல சரக்கு சந்தையை விட்டு விலகிவிடும், மட்டமானது மட்டும் மிஞ்சும் என்று பழைய கார் வியாபாரத்தை வைத்து அவர் நிறுவினார். 2001இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் ஓராண்டு தங்கியவர். அந்தக் கட்டுரையிலேயே, நம் ஊர்க் கடைத்தெரு அரிசியில் வேண்டுமென்றே கலக்கிற கல்லைப் பெண்கள் பொறுக்கி எடுப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். உலகம் பேசிய கோட்பாட்டுக்குள் நம் வீட்டு முறம் இருக்கிறது.

அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் விதி. மழை வருஷங்களில் மாநிலம் கேட்டு, மத்திய அரசு 19, 20 என்று தளர்த்தியதும் உண்டு. தனியார் களத்தில் மீட்டர் எங்கள் கையில் இருக்கிறது, எண்ணும் எங்கள் பக்கமே தெரிகிறது. பழைய "கொஞ்சம் ஈரந்தான்" இப்போது பேட்டரியில் ஓடுகிறது, அவ்வளவு வித்தியாசம். நான் ஏழெட்டு வருஷமாக மீட்டரை மேஜையில் விவசாயி பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். 17க்கு இந்த விலை, ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு கழிவு என்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதியிருக்கிறேன். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன் நெல்லைக் காயவைத்துக் கொண்டு வருகிறார்.

எங்கள் பழைய வீட்டில் நெல் கொட்டி வைக்கும் பலா மரப் பத்தாயம் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வீடு பத்தாயம் இருந்தவரை விவசாயியே தன் நெல்லை ஐப்பசி வரை சுமந்தார், அந்தக் கூலியும் அவருக்கே கிடைத்தது. இன்று அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே டிராக்டருக்குப் போகிறது. பத்தாயம் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நெல்லை இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். 2007ஆம் வருஷக் கிடங்குச் சட்டத்தின்படி பதிவு பெற்ற குடோனில் வைத்தால் கிடைக்கும் மின்னணு ரசீதை வங்கியில் அடகு வைக்கலாம். அவசரத்துக்கு விற்றே ஆகவேண்டும் என்ற நிலை இருந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் விலையை அடிக்க முடியும். வியாபாரியாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

இந்தத் தையில் களத்துக்கு நெல் கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து இரண்டு காரியம் செய்யுங்கள். விற்பதற்கு முன் பக்கத்து விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நடை போய்க் கேளுங்கள். வியாபாரியிடம் போனால், நானாகவே இருந்தாலும், மீட்டரை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி எண்ணை நீங்களே படியுங்கள்.